பழைய சங்கிலி வாளும் சார்ஜ் ஏறாத பற்றறியும்: எதை மீட்கலாம், எதைக் கைவிட வேண்டும்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பெரியப்பாவின் வீட்டு மாலில் நெடுங்காலம் கிடந்த இரண்டு சங்கிலி வாள்கள் அவருக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்று எவ்வளவு இழுத்தாலும் பற்றுவதில்லை. மற்றையது பற்றிச் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. அவற்றோடு 18 வோல்ற் கைத்துளை கருவியின் மூன்று பற்றறிகளும் உள்ளன. சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு மினுங்குவதைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை. இவற்றை ஓய்வு நேரத்தில் தாமே திருத்திப் பழகலாமா, எதிலிருந்து தொடங்குவது, என்னென்ன சாமான் வேண்டும் என்பன அவருடைய கேள்விகள்.

தாராளமாகப் பழகலாம். தொடக்கம் வாளாக இருக்கட்டும். வாள் ஓடாமைக்குக் கண்ணால் காணவோ கையால் உணரவோ கூடிய ஒரு காரணம் இருக்கும். அதை நீக்கினால் இருபது ஆண்டு பழைய வாளும் முன்போல் ஓடும். பற்றறி அப்படியன்று. பற்றறிக்குள் அடுக்கியிருக்கும் லிதியம் அயன் செல்லின் உள்ளே ஒருமுறை நடந்துவிட்ட இரசாயனச் சேதத்தை எந்தக் கருவியாலும் திருப்ப முடியாது. செத்த பற்றறிக்கு உயிர் கொடுத்ததாகச் சொல்லப்படுவதெல்லாம், இன்னும் சாகாத செல்களை, அவற்றைச் சார்ஜ் ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றிலிருந்து விடுவித்ததாகவே இருக்கும். ஆகையால் வாளைத் திருத்துபவர் இது ஓடும் என்ற எண்ணத்தோடு அமரலாம். பற்றறியைத் திறப்பவரோ இது கெட்டது என்று வைத்துக்கொண்டு, நல்லதென்று அளவீடு காட்டிய பின்னரே அதை நம்ப வேண்டும்.

கருவியைத் தொடுமுன் ஒரு விடயம். சங்கிலி வாள் வைத்திருப்போர் அதைப் பொலிஸில் பதிவு செய்ய வேண்டும் என்று 2019இல் அரசு பணித்திருந்தது. பெரியப்பாவிடம் அதற்கான கடுதாசி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையெனில் பிரதேச செயலகத்திலோ பொலிஸ் நிலையத்திலோ விசாரித்து ஒழுங்குபடுத்திக்கொண்டு வேலையைத் தொடங்குவதே நல்லது.

பற்றாத வாளை முதலில் கழற்றாதீர்கள். வாளை ஸ்ராட்டர் கைபிடியில் பிடித்துத் தூக்கித் தொங்கவிடுங்கள். அது விட்டுவிட்டு மெதுவாக இறங்கினால் கொம்பிறசன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன், இருக்கிறது. தடையின்றிச் சரசரவென்று இறங்கினால் பிஸ்ரனோ றிங்கோ தேய்ந்திருக்கிறது. அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்க முடிந்தால் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலுக்கு மேல் காட்டுவது ஓரளவு ஆரோக்கியமான இஞ்சின். அடுத்து சைலன்சரைக் கழற்றுங்கள். அநேகமாக இரண்டு போல்ற்றுகளே இருக்கும். அந்தத் துளை வழியே டோர்ச் அடித்தால் பிஸ்ரனின் பக்கம் தெரியும். அது வழுவழுப்பாக இருந்தால் மகிழலாம். மேலும் கீழுமாக ஆழமான கீறல்கள் தெரிந்தால், யாரோ ஒயில் கலக்காத பெற்றோலில் ஓட்டியிருக்கிறார்கள், அல்லது பெற்றோல் போதாமல் காற்று மிகுந்த கலவையில் இஞ்சின் சூடேறியிருக்கிறது. சிலிண்டரின் சுவரில் அலுமினியம் ஒட்டியிருப்பதை மெல்லிய எமரித் துணியால் எடுத்துவிடலாம். சுவரின் மேற்பூச்சே உரிந்திருந்தால் சிலிண்டரையும் பிஸ்ரனையும் மாற்ற வேண்டும், அதற்குச் செலவழிப்பது வாளின் பெறுமதியைப் பொறுத்தது.

கொம்பிறசன் இருந்தால் பிளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதி இஞ்சினில் தொடும்படி வைத்து, நிழலில் கயிற்றை இழுத்துப் பொறியைப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து பெற்றோல் ஆவி வரும் என்பதால் பிளக்கை அந்தத் துளையிலிருந்து தள்ளியே வைத்திருக்க வேண்டும். பொறி இல்லையென்றால், பிளக்குக்கு மின் கொடுக்கும் கொயிலை வாங்க ஓடாமல், நிறுத்தும் சுவிச்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் கொயிலிலிருந்து கழற்றிவிட்டு மறுபடியும் இழுங்கள். இப்போது பொறி வந்தால் பழுது சுவிச்சிலோ வயரிலோதான். அப்படியும் வராவிட்டால் பிளைவீலின் காந்தத்தில் ஏறியிருக்கும் துருவைத் துடைத்து, காந்தத்துக்கும் கொயிலுக்கும் இடையில் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு இறுக்குங்கள். ஒரு விசிற்றிங் கார்ட்டின் தடிப்பு அதற்குப் போதும்.

பொறியும் கொம்பிறசனும் இருந்தும் வாள் பற்றாவிட்டால், பிளக் துளைக்குள் ஒயில் கலந்த பெற்றோல் சில துளி விட்டு, பிளக்கைப் பூட்டி இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றுவிட்டால் இஞ்சினில் குற்றமில்லை. பெற்றோல் வந்து சேரவில்லை. நீண்டகாலம் கிடந்த வாள்களில் மிக அதிகமாகக் காணப்படும் பழுது இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் காபரேற்றரில் மிதவை உண்டு. அது நிமிர்ந்த நிலையில் மட்டுமே வேலை செய்யும். சங்கிலி வாளைச் சரித்தும் கவிழ்த்தும் பிடிக்க வேண்டியிருப்பதால் அதன் காபரேற்றரில் மிதவைக்குப் பதிலாக டயபிரம் எனப்படும் இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. ஒன்று, பிஸ்ரன் ஏறி இறங்கும்போது அதன் கீழுள்ள கிராங் அறையில் ஏற்படும் அழுத்த மாற்றத்தால் துடித்துப் பெற்றோலை இழுக்கிறது. மற்றையது ஓர் ஊசியைத் திறந்து மூடி, தேவையான அளவை விடுகிறது. இவ்விரண்டும் மிருதுவாக இருந்தால் மட்டுமே வாள் ஓடும். பெற்றோலோடு நீண்டகாலம் கிடந்தால் அவை காய்ந்து விறைத்துவிடும். காபரேற்றரைத் திறந்து டயபிரத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். அது மொறமொறவென்று சத்தமிட்டால் அதன் காலம் முடிந்தது. டயபிரம், ஊசி, பக்கிங் எல்லாம் அடங்கிய கிற் ஒன்றை, காபரேற்றரின் உடலில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் காட்டி வாங்கலாம். முழுக் காபரேற்றரும் மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் அதை வாங்குகிறார்கள். என் கருத்தில், அசல் காபரேற்றரைச் சுத்தம் செய்து புது டயபிரம் போடுவதே மேல். மலிவுப் பிரதிகளின் ஸ்குரூக்கள் ஒரு நிலையில் நிற்பது அரிது.

காபரேற்றரோடு பெற்றோல் தாங்கிக்குள் இருக்கும் பில்டரையும் பெற்றோல் ரியூப்பையும் மாற்றிவிடுங்கள். யாழ்ப்பாணத்து வெக்கையில் ரியூப் இறுகி, வளையும் இடத்தில் மயிர்க்கோடாக வெடிக்கும். அந்த வெடிப்பு பெற்றோலைக் கசியவிடாமலே காற்றை மட்டும் உள்ளே இழுக்கும் என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. உங்கள் இரண்டாவது வாள் ஓடி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிற்கும் நேரத்தில் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே காற்று இழுபடும் சத்தம் கேட்டு, அதன் பின் வாள் மீண்டும் ஓடினால், தாங்கியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. அதற்கு வேண்டியது ஊசியால் ஒரு துப்புரவு, அல்லது சிறிய வால்வு ஒன்று, வேறு செலவில்லை.

எரிபொருளில் நம்மூருக்கே உரிய இரண்டு பழக்கங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரையோரங்களில் மீன்பிடிப் படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கான இருவீச்சு ஒயில் எளிதில் கிடைப்பதால் அதையே வாளுக்கும் கலக்கிறார்கள். அந்த ஒயில் நீரால் குளிர்விக்கப்படும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது. காற்றால் மட்டும் குளிரும் வாளின் சூட்டை அது தாங்காது. காற்றால் குளிரும் இஞ்சினுக்கென்று குறிப்பிட்டு விற்கப்படும் ஒயிலை, வாளின் கைநூலில் 50க்கு 1 என்றிருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றரும், 25க்கு 1 என்றிருந்தால் 40 மில்லிலீற்றரும் அளந்து ஊற்ற வேண்டும். மற்றையது மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் பற்றவைத்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை நம்முடையது. அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும் சங்கிலி வாளில் மண்ணெண்ணெய் கலந்தால், கலவை நேரந்தவறி எரிந்து இஞ்சின் தட்டும், பிஸ்ரனைக் காக்கும் ஒயில் படலமும் கழுவுண்டு போகும்.

வாள் ஓடத் தொடங்கியதும் காபரேற்றரில் தாழ்ந்த வேகம், முழு வேகம், சும்மா ஓடும் வேகம் ஆகியவற்றுக்கு உள்ள மூன்று ஸ்குரூக்களையும் சரிசெய்ய வேண்டும். பாரும் (சங்கிலி சுற்றியோடும் நீண்ட தகடு) சங்கிலியும் பூட்டிய நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். முழு வேகத்தில், மரத்தைத் தொடாமல் பிடித்திருக்கும்போது ஓசை சற்றுக் கரகரப்பாகவும், மரத்தில் வைத்ததும் தெளிவாகவும் ஆக வேண்டும். மரத்தைத் தொடாமலே கூர்மையான, இனிமையான ஓசை வருகிறதென்றால் பெற்றோல் போதவில்லை. அந்த இனிமை பிஸ்ரனைத் தின்றுவிடும். திறொட்டிலை விட்ட பின்னும் வேகம் இறங்காமல் நின்றால் ஸ்குரூவைத் திருப்பிப் பயனில்லை. பெரும்பாலும் கிராங்கின் ஒயில் சீல் வழியாகக் காற்றுப் புகுகிறது. வாளைச் சும்மா ஓடவிட்டிருக்கும்போது சங்கிலி அசையவே கூடாது. கிளச்சைக் கழற்ற நேர்ந்தால் அதன் மரை இடப்பக்க மரை என்பதை நினைவில் வைத்து, வலப்புறமாகத் திருப்பிக் கழற்றுங்கள். இஞ்சின் சுற்றாமலிருக்க, பிஸ்ரன் மேலேறி சைலன்சர் துளையை மூடிய பின்னர் பிளக் துளைக்குள் நைலோன் கயிற்றைத் திணித்துக்கொள்ளலாம்.

சங்கிலியின் கூரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இஞ்சினில் பழுது என்று கொண்டுவரப்படும் வாள்களில் பலவற்றுக்குச் சங்கிலி மழுங்கியதே நோய். நாம் இன்று பாவிக்கும் வளைந்த பல்லுள்ள சங்கிலியை அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் கொக்ஸ் உருவாக்கினார்; 1946இல் அடிமரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவின் தாடை இடமும் வலமும் மாறி மாறி அறுப்பதைக் கண்டு, அதே அமைப்பைச் சங்கிலிக்குக் கொடுத்தார். அந்தப் பல் செதிலாக அறுத்தால் கூர் இருக்கிறது. மாவாகக் கொட்டினால் கூர் போய்விட்டது. சங்கிலியின் அளவுக்கேற்ற வட்ட அரத்தால், உதாரணமாக 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரத்தால், 30 பாகைச் சரிவில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் மட்டும் அராவ வேண்டும். எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாள் ஒரு பக்கமாக வளைந்து அறுக்கும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு திட்டு பல்லைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கட்டும்.

பனை அறுப்பவருக்கு இந்த அராவுதல் இன்னும் அதிகமாக வேண்டியிருக்கும். பனையின் வெளிப்புற வைரம் மிகக் கடினமானது. அதன் தும்பு கிளச் மூடிக்குள் சுற்றி அடைத்து, சங்கிலிக்குப் போகும் ஒயிலையும் தடுத்துவிடும். இன்னொன்று, வடக்கில் போர்க்காலத்தில் நின்ற மரங்களுக்குள் சன்னங்களும் எறிகணைத் துண்டுகளும் புதைந்திருக்கின்றன. மரத்தைச் சுற்றிப் பார்த்து, பழைய வடுக்களையும், இரும்பு பட்டு மரம் கருநீலமாக மாறிய இடங்களையும் தவிர்த்து அறுங்கள். அந்த வளவில் முன்பு என்ன நடந்தது என்று முதியவர்களைக் கேட்பதும் பயன்தரும். வெடிக்காத ஒன்றைக் கண்டதாகச் சந்தேகம் வந்தால் வாளை நிறுத்தி, விலகி, பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும்.

இனிப் பற்றறிக்கு வருவோம். தடைக்காலத்தில் டோர்ச் பற்றறியும் தடை செய்யப்பட்ட பொருளாக இருந்ததால், தீர்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் சிறிது நேரம் றேடியோ கேட்ட வீடுகள் பல. அந்தப் பற்றறியின் இரசாயனம் வேறு. லிதியம் பற்றறியை வெயிலில் வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும், சில வேளை ஆபத்தாகவும் முடியும். பொதுவாக 45 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான பற்றறியைச் சார்ஜர் ஏற்க மறுக்கும். ஆகவே சிவப்பு விளக்கு மினுங்கினால் முதலில் பற்றறியை நிழலில் ஆறவிட்டு, உப்புக்காற்றால் பச்சை பிடித்திருக்கும் தொடுமுனைகளைத் துடைத்து, மீண்டும் வைத்துப் பாருங்கள்.

அதன் பின்னும் மறுத்தால் திறக்கலாம். நட்சத்திரத் தலை ஸ்குரூக்களுக்கான திருப்புளி வேண்டும். ஒரு ஸ்குரூ ஒட்டுத்தாளின் கீழ் மறைந்திருப்பதும் உண்டு. மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். 18 வோல்ற் பற்றறிக்குள் ஐந்து தொகுதிகள் தொடராக இருக்கும்; ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு செல் அல்லது சமாந்தரமாக இரண்டு செல்கள். செல் ஒன்றின் பெயரளவு 3.6 வோல்ற், முழுமையாக ஏறினால் 4.2 வோல்ற்; ஆகவே முழுப் பற்றறி 21 வோல்ற் வரை ஏறும். 20 வோல்ற் என்று விற்கப்படுவதும் இதே ஐந்து தொகுதிதான். மல்ரிமீற்றரால் ஐந்து தொகுதிகளையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மொத்தத்தை மட்டும் அளந்தால் ஒன்றும் விளங்காது.

ஐந்தும் ஏறத்தாழச் சமமாக, 2.5 வோல்ற்றுக்குச் சற்று மேலேயோ கீழேயோ இருந்தால், பற்றறி வெறுமனே கிடந்து இறங்கியிருக்கிறது. நான்கு நல்ல நிலையிலும் ஒன்று மட்டும் தாழ்ந்தும் இருந்தால், சில வகைப் பற்றறிகளில் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை தனக்கு வேண்டிய மின்னை அந்த ஒரு தொகுதியிலிருந்தே எடுத்துவந்திருக்கலாம். இவ்விரு நிலைகளிலும் நம்பிக்கை உண்டு. 2 வோல்ற்றுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லை மட்டும் தொடாதீர்கள். அந்த நிலையில் செல்லுக்குள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பின்னர் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே குறுஞ்சுற்றை உண்டாக்கும். அத்தகைய செல் வோல்ற்றளவில் முழுமையாக ஏறியதுபோல் காட்டிவிட்டு, ஒரு நாள் தீப்பற்றக்கூடும்.

நல்ல பற்றறி ஒன்றிலிருந்து இரண்டு வயரால் செத்த பற்றறிக்குத் தொடுத்து எழுப்பும் முறை பரவலாகக் காட்டப்படுகிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த வயரில் பாயும் மின்னோட்டத்துக்கு எல்லை இல்லை. பலவீனமான தொகுதி எதுவென்று அறியாமல் ஐந்துக்கும் ஒருசேரத் திணிக்கிறது. அதற்குப் பதிலாக, வோல்ற்றையும் அம்பியரையும் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய ஒரு பவர் சப்ளையை வாங்குங்கள். தாழ்ந்த தொகுதிக்கு மட்டும், 4.2 வோல்ற்றில் எல்லை வைத்து, 0.1 அம்பியர் அளவில் 3 வோல்ற் வரும்வரை ஏற்றுங்கள். இந்த நேரத்தில் அருகிலேயே இருக்க வேண்டும். செல் கைக்குச் சூடாகத் தெரிந்தால் உடனே நிறுத்தி அதைக் கைவிட வேண்டும். 3 வோல்ற்றைத் தாண்டிய பின் ஐந்து தொகுதிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பற்றறியின் சொந்தச் சார்ஜரில் வையுங்கள். அப்போதும் மறுத்தால் பலகை தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கக்கூடும், அல்லது வெப்பம் உணரும் கம்பி அறுந்திருக்கும்.

ஏறியது என்பது தேறியது ஆகாது. முழுமையாக ஏற்றிய பற்றறியை இரண்டு வாரம் வைத்துவிட்டு ஐந்தையும் மீண்டும் அளக்க வேண்டும். மற்றவற்றைவிட ஒன்று 0.05 வோல்ற்றுக்கு மேல் இறங்கியிருந்தால் அதற்குள் கசிவு இருக்கிறது. அடுத்தது சுமைப் பரிசோதனை. 1 ஓம், 25 வாற் தடை ஒன்றைச் செல்லின் இரு முனைகளுக்கும் சில விநாடி தொடுத்து, முனைகளிலேயே வோல்ற்றை அளந்து பாருங்கள். 4.10 வோல்ற்றில் இருந்தது 3.95க்கு இறங்கினால், ஏறத்தாழ 4 அம்பியர் ஓட்டத்தில் 0.15 வோல்ற் இழப்பு, அதாவது உள்தடை 38 மில்லிஓம். கைத்துளை கருவிக்கான புதுச் செல்லில் இது 15 முதல் 30 வரை இருக்கும்; 70ஐத் தாண்டிய செல் கருவியைச் சுழற்றாது, ஆனால் மின்வெட்டு நேரத்து விளக்கு ஒன்றுக்கு நெடுநாள் உழைக்கும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின் நின்ற காலத்தை நினைத்தால் அதுவும் சிறிய பயனல்ல.

செல்லை மாற்ற வேண்டி வந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் ஐந்து தொகுதியையும் ஒரே வகையால் மாற்றுவதே உத்தமம். செல்லின் மேல் காணப்படும் 18650 என்ற இலக்கம் 18 மில்லிமீற்றர் விட்டத்தையும் 65 மில்லிமீற்றர் நீளத்தையும் குறிக்கிறது. அந்த உருவத்துக்குள் பொதுவாக அடங்குவது 3500 மில்லிஅம்பியர் மணி அளவே; 9900 என்று எழுதியிருந்தால் அது பொய். நல்ல செல் 45 கிராம் அளவில் நிறுக்கும் என்பதால் தராசும் உதவும். மடிக்கணினியிலிருந்து எடுத்த செல்கள் கருவிக்கு ஆகா. கருவி 20 அம்பியருக்கு மேல் இழுக்கும், அவை 5 அம்பியருக்கே சோர்ந்துவிடும். செல்லின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைப்பது உள்ளிருக்கும் மென்தாளை உருக்கும், 0.15 மில்லிமீற்றர் நிக்கல் பட்டியைப் புள்ளி வெல்டிங் செய்ய வேண்டும். இதற்கான இயந்திரத்தை வாங்க இப்போது அவசரப்படாதீர்கள்.

பழைய நிக்கல் கட்மியம் பற்றறி கிடைத்தால் அதை மீட்க நேரம் செலவிட நான் சொல்லமாட்டேன். உயர் மின்னோட்டத்தால் அதிர்ச்சி கொடுத்து எழுப்பினாலும் சில நாளில் திரும்பப் படுத்துவிடும். கட்மியம் நஞ்சு. குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே புதைப்பது வெடிப்புகள் வழியே கிணற்று நீருக்கு இறங்கும், நம்மில் பலர் நம்பியிருப்பதும் அந்த நீரையே. எனவே எந்தப் பற்றறியையும் வளவில் புதைக்கவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. முனைகளை ரேப்பால் ஒட்டி, உலர்ந்த மணல் உள்ள தகர வாளியில் சேர்த்து, மின்கழிவு ஏற்போரிடம் கொடுக்கும்வரை வெளியே வையுங்கள்.

இந்த வேலை முழுவதையும் வீட்டுக்குள் செய்யாமல், கிடுகு வேலியிலிருந்தும் ஓலைக் கொட்டிலிலிருந்தும் விலகிய சீமெந்து நிலத்தில், பகலில் செய்யுங்கள். தீப்பற்றினால் வரும் புகை நஞ்சு என்பதால் காற்று வரும் பக்கமாக விலகி நின்று, நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாமானைப் பொறுத்தவரை இப்போதைக்கு ஒரு மல்ரிமீற்றர், பிளக் சாவி, வட்ட அரம், நட்சத்திரத் திருப்புளி, காபரேற்றர் கிற் ஆகியன போதும். பவர் சப்ளையைப் பற்றறிகளை அளந்த பின் வாங்கலாம். இரண்டாவது வாளின் தாங்கி மூடியைத் திறந்தபோது என்ன நடந்தது என்பதையும், மூன்று பற்றறிகளின் ஐந்தைந்து அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பற்றறிக்காகப் பணம் செலவழிக்கலாம் என்பதை அந்தப் பதினைந்து எண்களைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.